கல்லூரி ஃபுட்பாலில் சொந்த மைதானத்தின் பலம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடுவது) சொந்த மைதானத்தில் ஆடும் அணியின் கை எப்போதும் ஓங்கியிருக்கிறதே, ஏன்? கிரிக்கெட் என்றால் பிட்சைத் தனக்கு ஏற்றபடி தயார் செய்துகொள்ளலாம். இங்கே எந்த ஊருக்குப் போனாலும் அதே 100 யார்டு, அதே கோடுகள். ஒரு லட்சம் பேர் கத்தினால் அவர்கள் அணி நன்றாக ஆடிவிடுமா?

ஆடாது. வந்திருக்கும் அணி மோசமாக ஆடும். கூட்டத்தின் வேலை தன் பையன்களை உசுப்பேற்றுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டிவி வர்ணனையாளர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். உண்மையில் கூட்டம் செய்வது எதிரணியின் காதை அடைப்பது. பயணம், நடுவர், வெயில், உயரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் அதற்கு முன்னால் கணக்கைக் கொஞ்சம் சரி செய்துகொள்ள வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்கள் சொந்த ஊரில் எத்தனை ஜெயித்திருக்கின்றன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். அதில் ஒரு பெரிய பங்கு காசு கொடுத்து வாங்கியது. சீசன் தொடங்கும் செப்டம்பரில் பெரிய இடங்கள் சின்னக் கல்லூரிகளைத் தங்கள் ஊருக்கு வரவழைத்து ஆடும். பதிலுக்கு அந்தச் சின்ன ஊருக்கு இவர்கள் போக மாட்டார்கள். வந்து அடி வாங்கிக்கொண்டு போவதற்குச் சம்பளம் உண்டு; இப்போதெல்லாம் ஓர் ஆட்டத்துக்குப் பத்து லட்சம் டாலர் என்பது சர்வசாதாரணம். சின்னக் கல்லூரியின் விளையாட்டுத் துறை பட்ஜெட்டுக்கு அது பெரிய தொகை, அதனால் அவர்களும் சந்தோஷமாக வருவார்கள்.

எப்போதாவது கணக்குத் தப்பும். 2007 செப்டம்பர் 1 அன்று அப்பலாச்சியன் ஸ்டேட் 4 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு மிச்சிகனுக்குப் போய், தேசிய அளவில் 5-ஆம் இடத்தில் இருந்த அணியை 34-32 என்று சாய்த்துவிட்டு வந்தது. 2024-இல் நார்தர்ன் இல்லினாய் 14 லட்சம் டாலருக்கு நோட்ர டாம் போய் 16-14 என்று ஜெயித்தது. அதே நோட்ர டாம்தான் அந்த சீசனின் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. இவையெல்லாம் இன்றும் பேசப்படுவது அபூர்வம் என்பதால்தான். மற்ற நேரங்களில் 50-க்கு 7 என்று முடியும். அதுவும் ‘சொந்த மைதான வெற்றி’ என்றே பதிவாகும்.

இன்னொரு மாயையும் உண்டு. மயாமி அணி தன் பழைய ஆரஞ்சு பௌல் மைதானத்தில் 1985 முதல் 1994 வரை தொடர்ந்து 58 ஆட்டங்கள் ஜெயித்தது. கோட்டை என்றார்கள். ஆனால் அந்தக் காலத்து மயாமி எங்கே ஆடினாலும் ஜெயிக்கிற அணி. நல்ல அணியின் மைதானம் கோட்டை மாதிரித்தான் தெரியும். இதில் மைதானத்துக்கு எவ்வளவு, அணிக்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் கஷ்டம்.

நியாயமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே கான்ஃபரன்ஸுக்குள் (தங்களுக்குள் தவறாமல் மோதிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு) நடக்கும் ஆட்டங்களை மட்டும் எடுக்க வேண்டும். அங்கே பலம் ஓரளவு சமம். இந்த வருடம் நீ என் ஊருக்கு வந்தால் அடுத்த முறை நான் உன் ஊருக்கு வருவேன். அப்படிப் பார்த்தால் படம் சட்டென்று சிறுத்துவிடும். பந்தயக் கணக்குப் போடுகிறவர்கள் நெடுங்காலமாகச் சொந்த மைதானத்துக்கு 3 புள்ளி என்று வைத்துக்கொள்வார்கள். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஒரு ஃபீல்டு கோல் அளவு. இப்போது பலர் அதையும் இரண்டு, இரண்டரை என்று குறைத்துவிட்டார்கள். 40 புள்ளி வித்தியாசத்தில் தோற்கிற அணியை எந்தக் கூட்டமும் காப்பாற்றாது. ஆனால் இரண்டு சமமான அணிகள் மோதும்போது 3 புள்ளி என்பது பெரிய விஷயம்தான்.

சரி, அந்த 3 புள்ளி எங்கிருந்து வருகிறது?

பந்தை வைத்திருக்கும் அணிக்கு ஒரே ஒரு இயல்பான சாதகம் உண்டு: பந்து எப்போது அசையும் என்பது அவர்களுக்குத் தெரியும், எதிரே நிற்கிறவனுக்குத் தெரியாது. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் குரல் கொடுப்பான், அல்லது கை தட்டுவான். எத்தனையாவது குரலில் பந்து வரும் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். அந்த நொடியில், முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன் ஐந்து பேரும் ஒன்றாக எழுவார்கள். எதிரணி அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர முடியும். அந்த அரை நொடிக்கும் குறைவான முந்துதலில்தான் 140 கிலோ லைன்மேன் தன்னைவிட வேகமான ஆளைத் தடுத்து நிறுத்துகிறான்.

இப்போது ஒரு லட்சம் பேரைக் கத்தவிடுங்கள். நான்கைந்து யார்டு பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் குரல், நடுவில் நின்று பந்தை அனுப்பும் சென்டருக்கே கேட்காது. அதனால் ‘சைலன்ட் கவுன்ட்’ என்ற ஏற்பாட்டுக்கு மாறுகிறார்கள். சென்டருக்குப் பக்கத்து லைன்மேனான ‘கார்டு’ குனிந்து தன் கால்களுக்கு நடுவே பின்னால் பார்ப்பான். குவார்ட்டர்பேக் காலைத் தூக்குவான் அல்லது கையைக் காட்டுவான். கார்டு பக்கத்தில் இருக்கும் சென்டரை ஒரு தட்டு தட்டுவான். சென்டர் தலையை நிமிர்த்தி, மனதுக்குள் ஒரு எண் எண்ணி, பந்தைப் பின்னால் அனுப்புவான். இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளுக்கு ஒரு சங்கடம். அவன் தடுக்க வேண்டியவன் வெளிப்பக்கம் நிற்கிறான். பந்து உள்பக்கம் இருக்கிறது. பந்தைப் பார்த்தால் ஆளை விடுவான், ஆளைப் பார்த்தால் பந்தை விடுவான். எதிரணி ஓரக்காரன் கெட்டிக்காரனாக இருந்தால் கார்டின் தட்டையே கணக்கு வைத்துப் பாய்வான். யாருக்கு இருந்த முந்துதல் இப்போது யார் கைக்குப் போய்விட்டது பாருங்கள்.

இதில் பயந்துபோன டேக்கிள் ஒரு கணம் முன்னாலேயே அசைந்துவிட்டால் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு பின்னால் போக வேண்டும். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு ‘டவுன்’; மூன்றாவது டவுனில் 4 யார்டு தேவை என்பது 9 யார்டு ஆகும். 4 யார்டு என்றால் ஓடியும் எடுக்கலாம், வீசியும் எடுக்கலாம். 9 யார்டு என்றால் வீசத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். இப்படி ஓர் ஆட்டத்தில் மூன்று நான்கு முறை நடந்தாலே அந்த ஒரு ஃபீல்டு கோல் வந்துவிடும்.

கூட்டத்துக்கும் இது நன்றாகத் தெரியும். தன் அணி பந்தை வைத்திருக்கும்போது, ஒரு லட்சம் பேர் உட்கார்ந்திருக்கிறார்களா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அடங்கிவிடுவார்கள். எதிரணியின் மூன்றாவது டவுன் வந்ததும் எழுந்து நின்று காது கிழியக் கத்துவார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் மாணவர்கள் இதற்கு ஆட்டத்துக்கு முந்தைய நள்ளிரவில் தங்கள் மைதானமான கைல் ஃபீல்டுக்கு வந்து ஒத்திகையே பார்க்கிறார்கள். ஆட்டம் முழுக்க நின்றுகொண்டே இருப்பதும் அவர்கள் வழக்கம். 1922 ஜனவரியில் டாலஸில் நடந்த ஓர் ஆட்டத்தில் அணிக்கு ஆள் போதாமல் போகுமோ என்ற நிலை வந்தபோது, பார்வையாளர் பக்கம் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கூப்பிட்டுச் சீருடை மாட்டி ஓரத்தில் நிற்க வைத்தார்கள். அவர் களத்தில் இறங்கவே இல்லை. ஆனால் ‘பன்னிரண்டாவது ஆள்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது என்று அந்தப் பல்கலைக்கழகம் சொல்கிறது, அந்தப் பெயருக்கு வணிகமுத்திரையும் வாங்கி வைத்திருக்கிறது.

சத்தத்திலும் வேலை செய்கிற சத்தம், செய்யாத சத்தம் என்று இரண்டு உண்டு. 1988 அக்டோபர் 8 அன்று பேட்டன் ரூஜில் ஆபர்ன் அணிக்கு எதிராக உள்ளூர் அணியான எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 6-0 என்று பின்தங்கியிருந்தது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் இருக்கும்போது, கடைசி டவுனில், டாமி ஹாட்சன் வீசிய பந்தை எடி ஃபுல்லர் பிடித்து டச் டவுன்: எல்லைக் கோட்டைத் தாண்டியதற்கு 6 புள்ளி, அடுத்த உதைக்கு 1. 7-6. அந்த ஆரவாரம் பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கமானியில் பதிவானது. இன்றும் அதை ‘நிலநடுக்க ஆட்டம்’ என்றே சொல்கிறார்கள். அருமையான கதைதான். ஆனால் அந்தச் சத்தம் டச் டவுன் விழுந்த பிறகு வந்தது. அது ஆட்டத்தை ஜெயிக்க வைக்கவில்லை. அதற்கு முன் ஆபர்னின் மூன்றாவது டவுன்களில் எழுந்த சத்தத்தை யாரும் கருவி வைத்து அளந்து கொண்டாடவில்லை, ஆனால் காரியம் செய்தது அதுதான்.

அதேபோல மைதானம் பெரியது என்றால் சத்தமும் பெரியது என்று அர்த்தமில்லை. மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 இருக்கைகள், நாட்டிலேயே பெரியது. ஆனால் தட்டையான கிண்ணம் மாதிரி விரிந்த கட்டடம், சத்தம் மேலே போய் ஆகாயத்தில் கலந்துவிடும். வந்து ஆடியவர்கள் பல காலம் அதை ‘அமைதியான மைதானம்’ என்றுதான் சொன்னார்கள். 2010-இல் இரண்டு பக்கமும் உயரமான சொகுசு மாடங்கள் கட்டிய பிறகுதான் சத்தம் உள்ளேயே தங்க ஆரம்பித்தது. ஆரிகனின் ஆட்சன் மைதானத்தில் இருப்பது 54,000 இருக்கைதான். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிக் கட்டியது, செங்குத்தான படிகள், இருக்கைகள் கோட்டுக்கு மிக அருகில். அங்கே ஆடிவிட்டு வருகிறவர்கள் காதைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

இதற்கெல்லாம் விதி இல்லையா? இருக்கிறது. செயற்கையாகச் சத்தம் எழுப்பும் பொருட்களுக்குத் தடை. மிசிசிப்பி ஸ்டேட் ரசிகர்கள் மாட்டு மணி அடிப்பதை அவர்களுடைய கான்ஃபரன்ஸ் 1974-இல் தடை செய்தது. அவர்கள் மணியை உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்து அடித்தார்கள். 2010-இல் ஒரு சமரசம்: மணி கொண்டுவரலாம், எதிரணி வரிசையில் நின்ற பிறகு அடிக்கக் கூடாது. மீறினால் பல்கலைக்கழகத்துக்கு அபராதம். அந்தக் கட்டுப்பாடு எந்த அளவுக்கு நிற்கிறது என்பதை நீங்களே ஓர் ஆட்டம் பார்த்துச் சொல்லுங்கள்.

தொழில்முறை லீக்கைவிடக் கல்லூரியில் சத்தம் ஏன் அதிகம் கடிக்கிறது என்பதற்கு ஒரு எளிய காரணமும் இருந்தது. என்.எஃப்.எல்.லில் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் பேசும் ரேடியோ 1994-இலேயே வந்துவிட்டது. கல்லூரியின் மேல்மட்டப் பிரிவுக்கு அது அனுமதிக்கப்பட்டது 2024-இல்தான். அதுவரை ஓரத்தில் நின்று கை ஜாடை, விசித்திரமான படங்கள் போட்ட அட்டைகள் என்று சமாளித்தார்கள். இப்போது ரேடியோ வந்தும் குவார்ட்டர்பேக்குக்கு மட்டும்தான் கேட்கிறது. அவனிடமிருந்து மற்ற பத்து பேருக்குப் போவது பழைய வழிதான். அந்தப் பத்து பேரும் பெரும்பாலும் 18-லிருந்து 22 வயதுப் பிள்ளைகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. போன வருடம் வரை பள்ளி மைதானத்தில் ஆடிய பையன் முதல்முறையாக இப்படி ஓர் இடத்தில் நிற்கிறான். வாரம் முழுக்கப் பயிற்சியில் ஒலிபெருக்கி வைத்துச் செயற்கைக் கூச்சல் போட்டுப் பழக்குகிறார்கள். உதவும், ஆனால் ஒலிபெருக்கியைப் பார்த்து யாருக்கும் வயிறு கலங்காது.

கூட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஒரு சோதனை மாதிரி அமைந்தது. பெருந்தொற்றால் காலியான அல்லது பாதி காலியான அரங்குகளில் நடந்த அந்த என்.எஃப்.எல். சீசனில் சொந்த மைதான அணிகள் 127 ஜெயித்து, 128 தோற்று, ஒன்றைச் சமன் செய்தன. சாதகம் சுத்தமாகக் காணாமல் போனது. கல்லூரியில் பிக் டென் கான்ஃபரன்ஸ் ரசிகர்களுக்கு டிக்கெட்டே விற்கவில்லை. அந்த வருடம் மிச்சிகன் சொந்த ஊரில் ஆடிய மூன்றிலும் தோற்றது. ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம் கூடும் பென் ஸ்டேட், வரலாற்றில் முதல்முறையாக முதல் ஐந்து ஆட்டங்களையும் தோற்றது. அதில் மூன்று சொந்த மைதானத்தில். அந்த இரண்டு அணிகளுக்கும் அந்த வருடம் வேறு கோளாறுகளும் இருந்தன, அதனால் ஒன்றிரண்டு அணிகளை வைத்து அடித்துப் பேச மாட்டேன். என்.எஃப்.எல். கணக்குதான் எனக்கு வலுவான சான்று.

அடுத்து நடுவர். இதில் ரசிகர்கள் சொல்வதில் பாதி புலம்பல், பாதி உண்மை. சாக்கரில், அதாவது நம் ஊர்க் கால்பந்தில், 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் வீடியோவைக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணி மீது கொடுத்த ஃபவுல்கள் குறைவு. யாரும் லஞ்சம் வாங்கவில்லை. தயக்கமான நேரத்தில் கூட்டத்தின் குரலையும் ஒரு சாட்சியாக மனசு எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அமெரிக்க ஃபுட்பாலில் கையால் பிடித்து இழுக்கும் ‘ஹோல்டிங்’ குற்றத்தை ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்ட நகர்விலும் யார் மீதாவது கொடுக்கலாம். அப்படிப்பட்ட விளையாட்டில் தயக்கத்துக்கு இடம் ஏராளம்.

கல்லூரியில் இன்னொரு சிக்கல், நடுவர்களை கான்ஃபரன்ஸ்கள்தான் வைத்திருக்கின்றன. 2006 செப்டம்பர் 16-ஐ ஓக்லஹோமாக்காரர்களிடம் கேட்டால் இன்னும் கொதிப்பார்கள். ஆட்சன் மைதானம். ஒரு நிமிடம் சொச்சம் இருக்கையில் ஓக்லஹோமா 33-27 என்று முன்னிலை. ஆரிகன் பந்தைத் திரும்பப் பெறுவதற்காகக் குட்டையாக உதைத்தது. விதிப்படி பந்து 10 யார்டு போகும் முன் உதைத்த அணி அதைத் தொடக் கூடாது. ஆரிகன் வீரர் தொட்டார். கடைசியில் பந்தைக் கையில் வைத்திருந்தவரோ ஓக்லஹோமா வீரர். நடுவர்கள் ஆரிகனுக்குக் கொடுத்தார்கள். வீடியோவில் மறுபரிசீலனை செய்தார்கள், அப்போதும் ஆரிகனுக்கே. சில நொடிகளில் டச் டவுன், 34-33. களத்திலும் வீடியோ அறையிலும் இருந்தது ஆரிகன் சேர்ந்திருந்த பேக்-10 கான்ஃபரன்ஸின் ஆட்கள். சொந்த மைதானத்தில் எங்கள் நடுவர்கள்தான் என்று அந்த கான்ஃபரன்ஸ் பிடிவாதமாக வைத்திருந்த விதி அது. பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டு அந்தக் குழுவை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தார்கள். அந்த விதியும் கைவிடப்பட்டது. முடிவு மட்டும் மாறவில்லை. இதில் கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் நிரூபிக்க முடியாது. வெறும் கண் தவறாகவும் இருக்கலாம். ஆனால் வீடியோ இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

பயணத்தைப் பற்றி நான் முன்பு பெரிதாக நினைத்ததில்லை. தனி விமானத்தில் வெள்ளிக்கிழமை போய், ஹோட்டலில் தூங்கி, சனிக்கிழமை ஆடுகிறார்கள். சொந்த ஊர் அணியும் சொந்தப் படுக்கையில் தூங்குவதில்லை; பிள்ளைகள் ஊர் சுற்றப் போகாமல் இருக்க, முந்தைய இரவு பல அணிகள் உள்ளூர் ஹோட்டலிலேயே தங்கவைக்கின்றன. ஆனால் 2024-இல் மேற்குக் கரை அணிகள் நான்கு பிக் டென்னில் சேர்ந்த பிறகு தூரம் புதிய அளவுக்குப் போனது. லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி. அந்த வருடம் மிச்சிகனில் 3 புள்ளி, மினசோட்டாவில் 7, மேரிலாண்டில் 1 என்று தோற்றது. மூன்றிலும் எதிரணியின் வெற்றி டச் டவுன் கடைசி ஒரு நிமிடத்துக்குள் வந்தது. காலைத் தூக்கமா என்றால் இல்லை, எதுவும் காலை ஆட்டம் அல்ல. பயணக் களைப்பு ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் காட்டுகிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஆட்டத்தை முடிக்கத் தெரியாத அணி என்று இன்னொரு தரப்பு. அவர்கள் அதே சீசனில் சொந்த ஊரிலும் பென் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் தோற்றார்கள் என்பதால் நான் இரண்டாவது தரப்பின் பக்கம்தான் சாய்வேன். போதாததற்கு 2025 செப்டம்பரில் ஆரிகன் அதே மேற்குக் கரையிலிருந்து பறந்துபோய், அரங்கம் முழுக்க வெள்ளை உடுத்தி நிற்கும் பென் ஸ்டேட்டின் ‘வைட் அவுட்’ இரவில் 30-24 என்று ஜெயித்துவிட்டு வந்தது.

மற்ற விசித்திரங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். வயோமிங் மைதானம் 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த எண்ணைப் பெருமையாகக் காட்டி வருகிறவர்களைப் பயமுறுத்துவார்கள். மூச்சு வாங்கும், உண்மைதான். ஆனால் இது சில நொடி வேகமும் நீண்ட இடைவெளியுமான ஆட்டம், ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். சாக்கர் அணியைப் போலத் தொடர்ந்து ஓட வேண்டியதில்லை. பாய்சி ஸ்டேட்டின் நீலப் புல்தரை 1986-லிருந்து இருக்கிறது. கண்ணைக் குழப்புகிறது என்பார்கள். அந்த அணி வெளியிலும் நன்றாகத்தான் ஆடியது. 2007 ஜனவரி 1 அன்று அரிசோனாவில், சாதாரணப் பச்சைப் புல்லில், ஓக்லஹோமாவை 43-42 என்று தோற்கடித்தது. ஒரே சீசனில் இரண்டு முறை ஒரு புள்ளியில் தோற்ற ஓக்லஹோமாவின் ராசி அது! அயோவாவில் ஹேடன் ஃப்ரை என்ற பயிற்சியாளர், மனோதத்துவம் படித்தவர், வருகிற அணியின் அறைக்கு இளஞ்சிவப்பு பெயின்ட் அடித்தார். 2005-இல் புதுப்பித்தபோது கழிப்பறைப் பீங்கான் வரை அதே நிறம். நிறத்துக்கு மயங்கி யாரும் பலவீனமாகிவிடுவதாக நான் நம்பவில்லை. ஆனால் மிச்சிகன் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் தன் ஆட்களை வைத்துச் சுவரில் காகிதம் ஒட்டி மறைத்தார் என்று ஃப்ரை சொல்லியிருக்கிறார். எதிரணிப் பயிற்சியாளரின் நேரத்தைச் சுவரில் செலவழிக்க வைத்தால் அதுவும் லாபம்தானே.

வெயிலை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். மயாமி இப்போது ஆடும் ஹார்ட் ராக் அரங்கின் கூரை, உள்ளூர் அணி உட்காரும் பக்கம் நிழல் விழும்படி அமைந்திருக்கிறது. வந்தவர்கள் செப்டம்பர் பிற்பகல் வெயிலில் காய வேண்டும். மூன்று மணி நேரம் அப்படி நின்றால் உடம்பு தளரும், அதில் எந்த மனோதத்துவமும் இல்லை.

2024-இல் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்தபோது முதல் சுற்றைப் பல்கலைக்கழக மைதானங்களிலேயே வைத்தார்கள். முதல் வருடம் நோட்ர டாம், பென் ஸ்டேட், டெக்சஸ், ஒஹாயோ ஸ்டேட் நான்கும் சொந்த ஊரில் ஜெயித்தன. எதுவும் நெருக்கமான ஆட்டம் அல்ல. பார்த்தீர்களா சொந்த மண்ணின் பலத்தை என்று எழுதினார்கள். தரவரிசையில் மேலே இருந்ததால்தான் அவர்களுக்குச் சொந்த மைதானம் கிடைத்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். அடுத்த வருடம் அலபாமா ஓக்லஹோமாவுக்குப் போய் 17-0 என்று பின்தங்கி, பிறகு 34-24 என்று ஜெயித்தது. மயாமி, நள்ளிரவில் ஒத்திகை பார்க்கும் அந்தக் கைல் ஃபீல்டுக்கே போய் 10-3 என்று ஜெயித்தது. அந்த இரண்டு வருடத்தின் முதல் சுற்றையும் சேர்த்தால் மொத்தம் எட்டு ஆட்டம்; அதை வைத்து எந்தப் பக்கமும் கொடி பிடிக்க முடியாது. கான்ஃபரன்ஸ் ஆட்டங்களையும் மூன்றாவது டவுன்களையும் பாருங்கள், அங்கேதான் அந்த 3 புள்ளி கண்ணில் படும்.